வெளியிலிருந்து யார் வந்து பார்க்கிறார்கள்?

கொல்கத்தாவில் பவானிபூர், சக்ரபேரியா, லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போதை மறுவாழ்வு மையங்களைப் பற்றியவை. பிள்ளைகளின் எதிர்காலம் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: என் மகனுக்கு 17 வயது. பிரவுன் சுகர் பழக்கம். வீட்டில் விற்காத பொருள் இல்லை. ஒரு மையத்தில் விசாரித்தேன். ஆறு மாதம் வைத்திருப்பார்களாம். முதல் மூன்று மாதம் நான் போய்ப் பார்க்கக் கூடாது, போனும் கிடையாது என்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு தாய், பவானிபூர்

ப: வேண்டாம் அம்மா. அந்த ஒரு நிபந்தனையைக் கேட்டவுடனே எழுந்து வந்துவிடலாம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களுக்கென்றே எழுதப்பட்டது. பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ அந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். வெளியில் இருந்தபடியே தரக்கூடிய சிகிச்சை பலிக்கவில்லை, அல்லது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று இருவருமே முடிவுக்கு வந்தால்தான் உள்ளே சேர்க்கலாம். பெரியவர்களோடு ஒரே அறையில் போடக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் உடனே மறுபடி தகவல், ஏழு நாளுக்குள் வாரியத்தின் மறுஆய்வு, பிறகு 30 நாளுக்கு ஒரு முறை மறுஆய்வு.

உங்கள் கேள்விக்கு நேர் பதிலும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பிள்ளை உள்ளே இருக்கும் நாள் முழுவதும் பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் இதற்கு விலக்குக் கிடையாது. சட்டம் உங்களை மகனின் பக்கத்தில் உட்காரச் சொல்கிறது. அவர்கள் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். முதல் நாளே சட்டத்தை மீறுபவர் நடு இரவில் உங்கள் பிள்ளையை எப்படி நடத்துவார் என்று யோசியுங்கள்.

"அம்மாவைப் பார்த்தால் பையன் அழுவான், சிகிச்சை கெட்டுவிடும்" என்பார்கள். அழட்டும். அழுகிற பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சட்டமே வந்தது.

நீங்கள் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. டி.எல். கான் சாலையில் பி.ஜி. மருத்துவமனையைச் சேர்ந்த அரசு மனநல நிறுவனம். ஓ.பி. சீட்டு வாங்கி மகனைக் காட்டுங்கள். பிரவுன் சுகர் என்பது மட்டரக ஹெராயின். அந்தப் பழக்கத்துக்கு மருந்து உண்டு. எந்த மருந்து, எவ்வளவு நாள், உள்ளே படுக்க வேண்டுமா என்பதை அங்கே டாக்டர் சொல்லட்டும். மையத்துக்காரர் சொல்ல வேண்டாம்.

கே: சுவரில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். சொசைட்டி பதிவு எண், மாநகராட்சி டிரேட் லைசென்ஸ் எல்லாம் காட்டினார்கள். இன்னும் என்ன வேண்டும்?
— சக்ரபேரியா

ப: வேண்டியது ஒன்றுதான், அது அங்கே இல்லை. மாநில மனநல ஆணையம் கொடுத்த பதிவுச் சான்றிதழ்.

சொசைட்டி பதிவு, சங்கம் இருக்கிறது என்கிறது. டிரேட் லைசென்ஸ், அந்த முகவரியில் தொழில் நடத்தலாம் என்கிறது. ஐ.எஸ்.ஓ., நிர்வாக நடைமுறை எழுத்தில் இருக்கிறது என்கிறது. உள்ளே டாக்டர் வருகிறாரா, மருந்து இருக்கிறதா, பிள்ளையை அடிக்கிறார்களா என்பதை இவற்றில் ஒன்றும் சொல்லாது. அரசு மானியம் வாங்குகிறோம் என்று கடிதம் காட்டினாலும் கேள்வி அதே கேள்விதான்.

சான்றிதழைக் கையில் கொடுத்தால் இன்னொன்றையும் பாருங்கள். அது தற்காலிகப் பதிவா, நிரந்தரப் பதிவா? தற்காலிகப் பதிவை விண்ணப்பம் போட்ட பத்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு முன் விசாரணை எதுவும் தேவையில்லை. 12 மாதம் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். அதாவது அந்தக் காகிதம் உண்மையானதாகவே இருந்தாலும், அதைக் கொடுக்கும்வரை ஒரு அதிகாரிகூட அந்தக் கட்டடத்தின் படியேறியிருக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான்.

கே: போதைக்கு அடிமையானவன் மனநோயாளியா? அந்தச் சட்டம் எங்கள் மையத்துக்குப் பொருந்தாது என்று ஒரு நிர்வாகி அடித்துச் சொல்கிறார்.
— லேக் மார்க்கெட்

ப: பொருந்தும். மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மன நிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் அடங்கும் என்று சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எந்தப் பெயரில் இருந்தாலும், யார் நடத்தினாலும், ஆசிரமம், டிரஸ்ட், யோகா நிலையம், சித்த வைத்திய சாலை எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். சொந்த வீட்டில் உறவினரைப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும்தான் விலக்கு.

பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதன் பிறகு 5 லட்சம் வரை. ஒரே ஒரு குடும்பத்திடம் மூன்று மாதக் கட்டணம் வாங்கினாலே முதல் அபராதத்தைக் கட்டிவிடலாம். இந்தத் தொகைக்குப் பயந்து யாரும் கடையை மூட மாட்டார்கள். நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

கே: அப்படியானால் மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?
— அதே வாசகர்

ப: கேட்க வேண்டிய கேள்வி. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விலக்குப் பட்டியலிலோ 12-ஆவது இனம் என்ன தெரியுமா? குடிப்பழக்கம், போதைப் பழக்கம், அவற்றின் விளைவுகள். ஒரு சட்டம் நோய் என்கிறது, ஒரு பாலிசி செலவை ஏற்க மாட்டேன் என்கிறது. நடுவில் நகையை அடகு வைப்பது நம் வீட்டுப் பெண்கள். அந்த விலக்கை எடுத்தாக வேண்டும். காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுக்கும் இடத்தில் சான்றிதழ், டாக்டர், பில் மூன்றையும் அதுவே கேட்கும். மேற்பார்வைக்கு இன்னொரு கண் கிடைக்கும்.

கே: நாலு தட்டு தட்டினால்தான் இவன்கள் திருந்துவார்கள். கொஞ்சி என்ன பிரயோசனம்?
— ஒரு பெரியப்பா, பவானிபூர்

ப: பெரியவர் கோபத்தில் கேட்கிறீர்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும் என்று தெரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், அடி மருந்தல்ல.

நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை உதறும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி இல்லாததைப் பார்த்துக் கத்தலாம். டாக்டர் பக்கத்தில் இருந்தால் மருந்தால் அடக்கக் கூடிய நிலை அது. இல்லாவிட்டால் உயிர் போகும். பதிவில்லாத மையத்தில் இதே கத்தலுக்கு "திமிர்" என்று பெயர் வைத்துக் கட்டிப்போட்டு அடிப்பார்கள். காலையில் குடும்பத்துக்கு "மாரடைப்பு" என்று போன் வரும்.

ஹெராயின் பழக்கத்தில் வேறொரு ஆபத்து. சில மாதம் பூட்டிவைத்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஒரு முறை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். பூட்டிவைத்து அனுப்பிவிட்டு, பிறகு மருந்தோ கவனிப்போ தராத இடம் ஆபத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது. தனியறையில் அடைக்கக் கூடாது. தண்டனையாகக் கட்டிப்போடக் கூடாது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. கக்கூஸ் கழுவவும் சமையல் செய்யவும் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பிச் செய்தால் கூலி கொடுக்க வேண்டும். சொந்த உடையைப் போட்டுக்கொள்ள விட வேண்டும். உங்கள் தம்பி மகன் இருக்கும் இடத்தில் இதில் எத்தனை நடக்கிறது என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: என் அண்ணனுக்கு 22 வயது. போன வாரம் ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கே இருக்கிறான் என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— ஒரு தங்கை, காளிகாட்

ப: அம்மா தங்கை, இதைப் படித்ததும் வேலையை ஆரம்பியுங்கள். அடுத்த இதழ்வரை காத்திருக்கும் விஷயமில்லை.

18 வயது நிரம்பியவரை அப்பாவின் கையெழுத்தை மட்டும் வைத்து யாரும் அடைத்து வைக்க முடியாது. அவர் சம்மதமில்லாமல் சேர்க்கக் குடும்பத்துக்கு உள்ள வழி 89-ஆம் பிரிவு. அதற்கு இரண்டு பேரின் தனித்தனிப் பரிசோதனை வேண்டும், ஒருவர் மனநல மருத்துவர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார் அல்லது கொள்வேன் என்று மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே இயலாத நிலையில் ஆபத்தில் இருக்கிறார் என்று அவர்கள் எழுத வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். வேனில் வந்த நாலு பேரில் டாக்டர் யார் என்று கேளுங்கள்.

முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து பேசி அந்தப் பேப்பரின் நகலை வாங்குங்கள். அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். வேறு வழி தெரியாமல் போட்ட கையெழுத்தாக இருக்கும். பிறகு 15100 எண்ணுக்கு அடியுங்கள், அது சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கே: பவானிபூரில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கென்று பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்ததாமே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹரிஷ் முகர்ஜி சாலை

ப: இருந்தது ஐயா. 1817-ல் பியர்ட்ஸ்மோர் என்பவர் ஆரம்பித்த தனியார் விடுதி. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஐரோப்பிய நோயாளிகளை அங்கே வைத்தது. 1918-ல் ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநோய் மருத்துவமனை திறந்தபோது பவானிபூர் விடுதி நோயாளிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். நம் சென்னை இதற்கும் முந்தி. 1794-லேயே வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னையில் ஒரு விடுதி கட்டி அரசிடம் வாடகை வாங்கினார்.

நீங்கள் சரித்திர ஆர்வத்தில் கேட்டிருக்கலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நடத்துபவர் தனியார், பணம் தலைக்கணக்கு, உள்ளே இருப்பவருக்குக் குரலில்லை. தலை கூடினால் வருமானம் கூடும், தலைக்கு ஆகும் செலவைக் குறைத்தால் லாபம் கூடும். இருநூறு ஆண்டுக்கு முன் பவானிபூரில் இருந்த அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் மாதக் கட்டண மையங்களில் இருக்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பது அவசியம். நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த விஷயம்.

கே: நான் ராமநாதபுரத்துக்காரன். ஏர்வாடி நினைவிருக்கிறதா?
— டோலிகஞ்ச்

ப: மறக்க முடியுமா. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2002-ல் தமிழ்நாடு மனநல மறுவாழ்வு மையங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தீ நடந்த நாளில் சட்டம் இல்லாமல் இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993 முதல் அமலில் இருந்தது. லைசென்ஸ் வேண்டும், ஆய்வு வேண்டும் என்று அதிலும் எழுதியிருந்தது. அந்தக் கொட்டகைகள் ஒளிவுமறைவாகவும் இல்லை. ஏர்வாடி தர்காவுக்கு வரும் ஆயிரக்கணக்கானோர் தினமும் அவற்றைக் கடந்து போனார்கள். எழுத்தில் இருந்த கடமையைச் செய்ய யாரும் கிளம்பவில்லை.

இப்போதைய சட்டம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு மையத்தையும் தணிக்கை செய்யச் சொல்கிறது. புகார் வந்தாலோ, தானாகவே சந்தேகம் வந்தாலோ மாநில ஆணையம் ஆய்வுக்கு உத்தரவிடலாம். மூன்று ஆண்டு என்பதே நீளம். ஆறு மாதத்தில் ஆள் மாறும் இடத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போனால் எத்தனை பிள்ளைகள் யாரும் பார்க்காமலே வந்து போயிருப்பார்கள்?

கே: பேசாமல் எல்லா மையத்தையும் மூடிவிட்டால் என்ன?
— ஜாது பாபு பஜார்

ப: மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். சட்டவிரோதப் போதைப்பொருளில் 20 பேருக்கு ஒருவர். இந்தப் பள்ளத்தில்தான் போலி மையங்கள் முளைக்கின்றன. சீல் வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தால் போதாது. உள்ளே இருந்தவரை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும்.

நல்ல மையங்களும் இருக்கின்றன. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தை நாடு முழுவதும் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள். பஞ்சாப் 2011-லேயே போதைச் சிகிச்சை மையங்களுக்கென்று தனி உரிம விதிகளை வகுத்தது. தமிழ்நாடு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்த்துப் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. அரசுப் படுக்கை கூடினால் போலி மையத்துக்குக் கூட்டம் குறையும்.

கே: குடித்துத் திருந்தியவர்களே கவுன்சலராக இருக்கிறார்கள். நல்லதுதானே?
— பவானிபூர்

ப: நல்லது. பட்டவர் பேச்சைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் பேச மட்டும் விடுங்கள். ஊசி போடவும், மாத்திரை அளவு சொல்லவும், அறையைப் பூட்டவும் அவருக்கு உரிமை இல்லை.

கே: செல்போன் அடிமைத்தனத்துக்கும் முகாம் நடத்துகிறார்களாமே?
— பத்தாம் வகுப்பு மாணவனின் அப்பா, பாலிகஞ்ச்

ப: சீனாவில் இன்டர்நெட் பழக்கத்தை விரட்டுகிறேன் என்று ஒரு மருத்துவர் பிள்ளைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துவந்தார். 2009-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் தடுத்து நிறுத்தியது. நம் சட்டத்திலும் சிறுவர்களுக்கு மின் அதிர்ச்சி சாதாரணமாகத் தடை. தவிர்க்க முடியாதென்று மனநல மருத்துவர் கருதினால், பெற்றோர் சம்மதத்தோடும் மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியோடும்தான் தரலாம். முகாம் வேண்டாம். குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை ஒரே மேசையில் வையுங்கள், நீங்களும் சேர்த்து.

கே: அமெரிக்காவில் எல்லாம் அக்ரெடிடேஷன் இருக்கிறது. நம் ஊரிலும் மருத்துவமனைகளுக்கு என்.ஏ.பி.எச். தரச்சான்று இருக்கிறதே, அதைக் கட்டாயமாக்கினால் பிரச்சினை தீராதா?
— நியூ ஜெர்சியில் மகன் இருக்கும் வாசகர், லேக் கார்டன்ஸ்

ப: பதிவு என்பது கட்டாயம், அரசு கொடுப்பது. அக்ரெடிடேஷன் என்பது மையமே விரும்பிப் போய்த் தரச்சான்று வாங்குவது. இரண்டாவது இருந்தால் நல்லது. முதலாவதுக்கு அது மாற்றாகாது.

அமெரிக்காவைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம். 1976-ல் ஃபுளோரிடாவில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற இளைஞர் போதை மீட்பு நிறுவனம் தொடங்கியது. ஜனாதிபதியின் மனைவி நான்சி ரீகனே போய்ப் பார்த்துப் பாராட்டினார். அடி, பட்டினி, தூங்க விடாத கொடுமை என்று பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 1993-ல் மூடப்பட்டது. 2007-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் இளைஞர் மையங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 2024 டிசம்பரில்தான் இத்தகைய விடுதிகளில் சிறுவர் கொடுமையைத் தடுக்கும் ஒரு மத்தியச் சட்டம் அங்கே நிறைவேறியது. சிறுவயதில் அப்படிப்பட்ட விடுதியில் அடைபட்டிருந்த பாரிஸ் ஹில்டன் அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார். பெரிய மனிதர் வந்து கைகுலுக்கிப் போவது ஆய்வாகாது. உள்ளே இருந்தவர்களிடம் தனியாகக் கேட்பதுதான் ஆய்வு. நம் ஆய்வாளர்களும் அதைச் செய்ய வேண்டும், நிர்வாகி அறைக்கு வெளியே நிற்க.

கே: இலங்கையில் ராணுவத்தைக் கொண்டே நடத்துகிறார்கள். கட்டுப்பாடாக இருக்குமே?
— பவானிபூர்

ப: பொலன்னறுவை மாவட்டம் கந்தக்காடு மையத்தில் 2022 ஜூனில் உள்ளிருந்த ஒருவர் இறந்தார். கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். கட்டுப்பாட்டின் கதை அது.

கே: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீஸ் பிடிக்குமா? பயமாக இருக்கிறது.
— ஒரு அக்கா, காளிகாட்

ப: சிகிச்சைக்குப் போனதற்காக யாரும் பிடிக்க மாட்டார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். போதைப் பழக்கத்துக்கு ஆளானவர், சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை நடுவில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். இங்கும் பாருங்கள், 'அரசு அங்கீகரித்த இடம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. பதிவில்லாத மையத்தில் ஆறு மாதம் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கே: மெட்ரோ வாசலில் பத்து வயதுப் பையன்கள் பிளாஸ்டிக் பையில் பசையை ஊற்றி மோந்துகொண்டிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது?
— கல்லூரி மாணவி, ஜதின் தாஸ் பார்க்

ப: 1098. குழந்தைகள் உதவி எண், எந்நேரமும் அடிக்கலாம். நீ பார்த்தாயே தம்பிகளை, அவர்களைப் பற்றிய கணக்கு இது: 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம் பேர் மோந்து ஏறும் போதையைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம்தான். பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கும் போதை இது ஒன்றுதான். உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் 4.6 லட்சம் என்று அதே 2019 கணக்கெடுப்பு சொல்கிறது. சைக்கிள் டியூப் ஒட்டும் பசை போதைப்பொருள் சட்டத்தில் வராது, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பின்னால் ஒரு வழக்கும் உண்டு. 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் போதைப் பழக்கம் பற்றிக் கணக்கெடு, தேசியச் செயல்திட்டம் போடு என்று உத்தரவிட்டது. கணக்கு வந்துவிட்டது. பெற்றோரே இல்லாத தெருப்பிள்ளைக்கு 87-ஆம் பிரிவின்படி கூட யார் தங்குவார்கள், அவனுக்காகச் சான்றிதழை யார் சரிபார்ப்பார்கள் என்பதற்குக் குழந்தைகள் நலக் குழுதான் பொறுப்பு. 1098-க்கு நீ சொன்னால் விஷயம் அந்தக் குழுவிடம் போகும். ஒரு முறை சொல்லி நடக்கவில்லை என்றால் மறுபடி சொல் தங்கையே. சொன்ன தேதியை எழுதி வைத்துக்கொள்.

கே: கட்டணமில்லாமல் நல்ல சிகிச்சை கிடைக்குமா? மாதம் இருபதாயிரம் கேட்கிறார்கள்.
— சக்ரபேரியா

ப: கிடைக்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. மத்திய அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள். போதை மீட்பு உதவி எண்ணான 14446-ல் கேட்டால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். குடியை விட நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது. மனம் தளர்ந்தால் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கே: அரசிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றால் எதை வைப்பீர்கள்?
— பவானிபூர்

ப: பட்டியல். பதிவான மையங்களின் பட்டியலை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது மாநில மனநல ஆணையத்தின் சட்டக் கடமை. மேற்கு வங்கமும் தமிழ்நாடும் அந்தப் பட்டியலை வங்காள மொழியிலும் தமிழிலும் போடட்டும். மையத்தின் பெயர், பதிவு தற்காலிகமா நிரந்தரமா, எந்தத் தேதிவரை செல்லும், பொறுப்பு மனநல மருத்துவர் யார், கடைசியாக யார் எப்போது ஆய்வு செய்தார்கள், என்ன கண்டார்கள், உள்ளே இறந்தவர் எத்தனை பேர், இவ்வளவும் அதில் இருக்கட்டும். பவானிபூர்த் தாய் ராத்திரி பதினோரு மணிக்குத் தன் போனில் தேடினால் கிடைக்க வேண்டும்.

அதுவரை வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இது. உங்கள் தெருவில் அப்படியொரு மையம் இருந்தால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளே கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மாநில மனநல ஆணையத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லாவிட்டாலும் கொடுங்கள்.